மூன்றாம் ஓலைக்கு இரண்டு நாள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கபாய் வீட்டு வெளிக்கதவு பாதிதான் திறந்தது. மீதியை ஒரு வெள்ளை நாய் அடைத்துக்கொண்டு நின்றது.

"நாய்க்கு என்னைப் பிடிக்கலைக்கா," என்றான் ஆஸ்டின்.

"அதுக்கு யாரையும் பிடிக்காது. வளத்தவிய அப்படி," என்றாள் ஹெப்சிபா.

ஹெப்சிபாவுக்கு வயது முப்பத்து நான்கு. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். நான்கு வருடமாக ராஜபாளையத்தில், ஒரு பேண்டேஜ் துணிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஆஸ்டின் அங்கே ஒரே ஊழியன். வேன் ஓட்டுவான், படம் எடுப்பான், பேசுவான். கடைசி வேலையைத்தான் அதிகம் செய்வான்.

இருவருக்கும் பின்னால், இந்த வேலையைக் கொடுத்த ரெனிட்டா நின்றாள். மலேசியாவின் ஈப்போவில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் ரிச்சர்டுக்கும் மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டும். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் இருவர் பெயரையும் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர் எழுந்து சொல்லலாம். இரண்டு ஞாயிறு கடந்துவிட்டது. யாரும் எழவில்லை. திங்கட்கிழமை இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தன் அப்பாவுடைய அப்பாவைப் பெற்றவள் பெயர் ஏசம்மாள், அவள் பதினெட்டு வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவள் என்று ரெனிட்டா சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து, மூன்றாவது ஓலைக்குத் தானே எழுந்து நிற்கப்போவதாகத் தங்கபாய் சொல்லிவருகிறாள்.

தங்கபாய் ரிச்சர்டின் அத்தை. பெற்றோர் இல்லாத அவனை வளர்த்தவள். பேண்டேஜ் பாக்டரியும் அவள் கையில்தான்.

"துப்புத் துலக்குறவியளா?" கூடத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களை உட்காரச் சொல்லவில்லை. "எங்க வீட்டுல என்ன களவா போச்சு?"

"களவு போகல. ஏசம்மாள் ஏன் தனியாப் போனாவன்னு தெரியணும்," என்றாள் ஹெப்சிபா.

"அதுக்கு எதுக்கு உங்களுக்குச் சிரமம்? நானே சொல்லுதேன். எங்க தாத்தா வைகுண்டராஜ் வீட்டுல அவ வேலைக்கு இருந்தா. தாத்தாவுக்கும் அவளுக்கும் தொடுப்பு. வயித்துல பிள்ளையோட மலாயாவுக்குக் கப்பல் ஏறிட்டா. பதினெட்டு வயசுப் பொட்டப்பிள்ள வேற எதுக்கு ஒத்தையில கடல் தாண்டுவா?"

ரெனிட்டா தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைதான் இவளுக்குத் தாத்தா. எங்க தாத்தா ரத்தம். ஆம்பளை வழியில இறங்கி வந்தா இவ ரிச்சர்டுக்கு என்ன முறை? தங்கச்சி. தங்கச்சியக் கட்டிவைக்க நான் சபையில வாயை மூடிட்டு இருக்கணுமா?"

"உங்க தாத்தா பிறந்த வருஷம் என்ன?" ஹெப்சிபா ரெனிட்டாவிடம் திரும்பினாள்.

"அடையாளக் கார்டுல 1939 ஜனவரி ஒண்ணுன்னு இருக்கு. ஜப்பான்காரன் காலத்துல எல்லாப் பேப்பரும் போயிடுச்சு. பிறகு குத்துமதிப்பா எழுதினது."

"குத்துமதிப்பா எழுதுனாலும் கணக்கு சரியாத்தான் வருது," என்றாள் தங்கபாய். "1938-ல ஓடுனா, 1939-ல பெத்தா."

அலமாரியிலிருந்து ஒரு பழைய பைபிளை எடுத்து வந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். மேலே 'சாமுவேல் நல்லதம்பி குடும்பம்' என்று இருந்தது. அதன் கீழே பிள்ளைகள் பிறந்த விவரம், கறுப்பு மையில். மூத்தவன் வைகுண்டராஜ், 1914. அடுத்தது 1916. அடுத்தது 1918. அதற்குக் கீழே ஆட்டுக்குட்டிப் படம் போட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் சபை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கும் வசன அட்டை. அதற்கும் கீழே 1922, 1924.

"எங்க குடும்பத்துல பிறந்த அம்புட்டுப் பேரும் இதுல இருக்காவ. ஏசம்மாள்னு எங்கயாவது இருக்கா? பாத்துக்கிடுங்க."

ஹெப்சிபா பார்த்தாள். மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

"படம் எடுத்துக்கிடலாமா?"

"கூடாது." பைபிள் மூடியது.

"1938-ல உங்க குடும்பம் எந்தச் சபை?"

"வில்லிபுத்தூர். அங்க போயும் கிளறப்போறியளா? போங்க. நாய் உள்ள வாரதுக்கு முன்னால கதவைச் சாத்திட்டுப் போங்க."

இவ்வளவு நேரமும் ரிச்சர்ட் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தான். ரெனிட்டாவைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

வேனில் ஏறியதும் ஆஸ்டின் கேட்டான். "அக்கா, மாடிப்படியில நின்னது மாப்பிள்ளையா, கைப்பிடியா?"

ரெனிட்டா அழுகையோடு சிரித்துவிட்டாள். பிறகு அழுகை மட்டும் மிஞ்சியது.

"அக்கா, அவங்க சொல்றது உண்மைன்னா ஒளிக்காம சொல்லிடுங்க. நாளைக்கே டிக்கெட் போட்டுப் போயிடுவேன். அண்ணன் முறையில இருக்கிறவரைக் கட்ட என்னால முடியாது."

"ஒரே ஒரு கேள்விதான்," என்றாள் ஹெப்சிபா. "உங்க பூட்டி ஈப்போ போய் எந்தச் சபையில சேர்ந்தாவ?"

"நாங்க இப்ப இருக்கிற அதே சபை. வந்த முதல் மாசமே நற்கருணை எடுத்தாங்கன்னு தாத்தா பெருமையாச் சொல்வாரு."

"அப்ப அவிய கையில ஒரு கடிதம் இருந்திருக்கணும்."

ஊர் மாறிப்போகிறவருக்குப் பழைய சபைப் போதகர் ஒரு கடிதம் கொடுப்பார். இவர் ஒழுங்காக நடந்தவர், நற்கருணைக்குத் தகுதியானவர் என்று. அந்தக் கடிதம் இல்லாமல் புது ஊரில் நற்கருணை கிடைக்காது. கல்யாணம் ஆகாமல் பிள்ளை உண்டானவளை அந்தக் காலத்துச் சபை ஒழுங்கு நடவடிக்கையில் நிறுத்திவைக்கும். கடிதம் கொடுக்காது.

"கடிதம் போயிருக்கும். அடிச்சீட்டு இங்க இருக்கும்," என்றாள் ஹெப்சிபா. "ஏலே, வேனை எடு."

ஸ்ரீவில்லிபுத்தூர் சபை அலுவலகத்தில் ஐயாதுரை இருந்தார். பதிவேடுகளின் பொறுப்பு அவருக்கு. முன்வழுக்கை, காதில் பேனா. அவர்கள் வாசலை மிதிக்கும்போதே அவர் போனை வைத்தார்.

"தங்கபாயம்மா இப்பதான் பேசுனாவ. பழைய ஏடு எதையும் காட்ட முடியாது. மேலிட அனுமதி வேணும்."

"அனுமதி வாங்க எம்புட்டு நாள் ஆகும்?"

"மூணு மாசம்."

"எங்களுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

ஹெப்சிபா ஆஸ்டினைப் பார்த்தாள். ஆஸ்டின் பெருமூச்சு விட்டான்.

"விடுங்கக்கா. அவரை எதுக்குச் சங்கடப்படுத்துறிய? இருந்தாத்தான காட்டுவாரு. ராஜபாளையத்துல எல்லாரும் சொன்னாவள்ல, வில்லிபுத்தூர் கோயில்ல பழைய ஏடு பூராவும் கரையானுக்கு அசன விருந்து ஆயிட்டுன்னு."

ஐயாதுரையின் காதிலிருந்து பேனா கீழே விழுந்தது.

"யாருல சொன்னது?"

"ராஜபாளையத்துல ஒருத்தர் ரெண்டு பேரா? எங்க சபை ஏடெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்கோம். நீங்க கவலைப்படாதிய அண்ணாச்சி. உள்ளது உள்ளபடி கரையான் தின்னுட்டுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க, போயிடுதோம்."

"நான் இந்த நாற்காலியில உக்காந்து இருபத்தாறு வருஷம். ஒரு ஓரம் அரிச்சிருக்கா பாரு. பாருலே." அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பியபோது கையில் மூன்று ஏடுகள் இருந்தன. வேப்பிலை வாசம் வந்தது. "பிளாஸ்டிக் உறையாம். வேர்த்துப் போவும். அறிவு கெட்டவனுவ."

"1938 இருக்காதே," என்றான் ஆஸ்டின்.

"இருக்கு."

அடிச்சீட்டுக் கட்டில் அதைக் கண்டுபிடிக்க ஹெப்சிபாவுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. மே மாதம் இரண்டாம் தேதி. சாய்வான கையெழுத்து. அவள் மெதுவாகப் படித்தாள்.

"ஏசம்மாள், வயது பதினெட்டு. ஈப்போ சபையின் பெண் பள்ளியில் உதவியாளாகப் போகிறாள். நற்கருணைக்குத் தகுதியுள்ளவள். தகப்பன் வீடு இவளுக்கு அடைக்கப்பட்டது. எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை."

"தகுதியுள்ளவளா?" ரெனிட்டா எழுந்துவிட்டாள். "அப்ப வயித்துல பிள்ளை இல்ல."

"செத்த நேரம் இரு. இன்னும் ஒரு வரி இருக்கு. தகப்பன் பெயர்." ஹெப்சிபா ஏட்டைத் திருப்பிக் காட்டினாள். "சாமுவேல் நல்லதம்பி."

காலையில் பைபிளின் முதல் பக்கத்தில் எல்லோரும் பார்த்த பெயர். ஐயாதுரைகூட எட்டிப் பார்த்தார். ஹெப்சிபா ஞானஸ்நான ஏட்டைப் புரட்டினாள். 1914, வைகுண்டராஜ், சாமுவேல் நல்லதம்பி மகன். 1920, ஏசம்மாள், சாமுவேல் நல்லதம்பி மகள். தாய் பெயரும் இரண்டிலும் ஒன்றே.

"வேலைக்காரி இல்ல," என்றான் ஆஸ்டின். "கூடப் பிறந்த தங்கச்சி. அந்தம்மா தங்கச்சின்னு சொன்னதெல்லாம் சரிதான்க்கா. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டாவ." பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "அண்ணன் வழியில ரிச்சர்டு. தங்கச்சி வழியில நீங்க. நாலு தலைமுறை ஆனாலும் அவரு உங்களுக்கு முறை மாப்பிள்ளை. நீங்க அவரைப் பாத்தது ஈப்போவுலயா?"

"ஆமா. பேண்டேஜ் ஆர்டருக்கு வந்தாரு."

"தேடிப் போய் முறைப்பெண்ணப் பிடிச்சிருக்கு கைப்பிடி."

ரெனிட்டா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"அப்ப ஏன் வீட்டை அடைச்சாங்க? அவங்க என்ன தப்புப் பண்ணினாங்க?"

"அது கலியாண ஓலை ஏட்டுல இருக்கும்னு நினைக்கேன்," என்றாள் ஹெப்சிபா. மூன்றாவது ஏட்டில் 1938 மார்ச் மாதத்தை எடுத்தாள். படித்தாள். ஏட்டை ரெனிட்டாவிடம் தள்ளினாள். ரெனிட்டா இரண்டு முறை படித்தாள். ஐயாதுரை அவள் தோளுக்கு மேலிருந்து ஒரு முறை படித்தார். படித்ததும் ஏட்டைப் பிடுங்கி மூடினார்.

"இது வெளிய போவக் கூடாது. நகலும் தர மாட்டேன்."

"நகல் வேண்டாம்," என்றாள் ஹெப்சிபா. "இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

சனிக்கிழமை மாலை தங்கபாய் அவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். ரிச்சர்ட் அவளுக்குப் பின்னால், அதே மாடிப்படியில்.

"ஏசம்மாள் உங்க தாத்தாவோட தங்கச்சி," என்றாள் ஹெப்சிபா.

"பொய்."

"பொய்யின்னா நீங்க ஏன் பேரை மறைச்சிய?"

"நான் எதை மறைச்சேன்? எங்க கொள்ளுத்தாத்தா எழுதுன பைபிள் அது. அப்பவே பேர் இல்ல."

"1918, அப்புறம் 1922. ரெண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பிறந்த வீட்டுல அந்த இடத்துல மட்டும் நாலு வருஷம். அந்த இடத்துலதான் வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கு. அடியில இருந்த வருஷத்தைக் கத்தரிச்சிருக்கிய. ஆட்டுக்குட்டியைக் கத்தரிக்கல." ஹெப்சிபா தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அதே ஆட்டுக்குட்டி. அடியில் இந்த வருடம். "ஜனவரி ஒண்ணாந்தேதி நம்ம சபையில வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாவ. எங்க ஆபீஸ் சுவத்துல தொங்குது. நேத்து உங்க வீட்டுக்குள்ள வந்து அஞ்சாவது நிமிஷமே தெரிஞ்சிட்டு, மறைச்சது யாருன்னு. எதுக்குன்னுதான் தெரியல."

தங்கபாய் அட்டையைப் பார்த்தாள்.

"தாளைக் கிழிச்சிருக்கலாம்," என்றான் ஆஸ்டின். "மையை ஊத்தியிருக்கலாம். பைபிளாச்சே, கை வரல. அதுக்கு மேல வசனத்தைத்தான் ஒட்ட முடிஞ்சிருக்கு."

"ஏலே, வாயை மூடு."

"அவன் மூடிக்கிடுவான்," என்றாள் ஹெப்சிபா. "ஓலை ஏடு மூடாது. 1938 மார்ச். உங்க தாத்தாவுக்கும் சாத்தூர் பஞ்சு ஜின்னிங் மில் முதலாளி மகளுக்கும் மூணாவது ஓலை. தடை உண்டான்னு போதகர் கேட்கவும் பெண்கள் பக்கத்துல ஒரு பிள்ளை எந்திரிச்சிருக்கு. எங்க அண்ணன் செண்பகத்தோப்பு சுடலையம்மாளைக் கட்டிக்கிடுதேன்னு சத்தியம் பண்ணியிருக்கான், அவ இப்ப நாலு மாசம்னு சபை நடுவுல சொல்லியிருக்கு. போதகர் விசாரிச்சு, உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. எந்திரிச்ச பிள்ளை ஏசம்மாள்."

தங்கபாயின் கை கதவைப் பிடித்தது.

"சாத்தூர் சம்பந்தம் முறிஞ்சது. ஏப்ரல்ல சுடலையம்மாளுக்கு ஞானம்மாள்னு ஞானஸ்நானம். அதே வாரம் உங்க தாத்தாவோட கலியாணம். ஆகஸ்டுல உங்க அப்பா பிறந்திருக்காவ. ஏசம்மாளை வீட்டுக்குள்ள விடல. மே மாசம் கப்பல்."

"எங்க அப்பா சாகும்போது சொன்னாவ," என்றாள் தங்கபாய். குரல் இறங்கியிருந்தது, மென்மையாகவில்லை. "நான் இந்தச் சபையில பெண்கள் சங்கத் தலைவி. தாத்தாவுக்கு ஒரு வைப்பு இருந்தான்னா ஊரு ரெண்டு நாள் சிரிக்கும், பொறவு மறந்துரும். ஆம்பளை கதை அது. எங்க ஆச்சி வயித்தைத் தள்ளிக்கிட்டு மணவறையில நின்னான்னா மறக்குமா? எந்திரிச்சு எந்திரிச்சு சொல்லுவாவ."

"அதுக்காக எங்க பூட்டியை வைப்புன்னு சொன்னீங்க," என்றாள் ரெனிட்டா.

"முறை சரியாத்தான் இருக்கு. ஒத்துக்கிடுதேன். ரத்தந்தான் சரியில்ல. சபையில எந்திரிச்சு நின்னு வீட்டு மானத்தை வாங்குற ரத்தம் எங்க வீட்டுக்கு வேண்டாம்."

"அந்த ரத்தம் எந்திரிக்கலைன்னா உங்க அப்பாவுக்குத் தகப்பன் பேர் இருந்திருக்காது."

தெருவில் ஒரு லாரி பேண்டேஜ் மூட்டைகளோடு போயிற்று. தங்கபாய் அது மறையும்வரை பார்த்தாள்.

"சரி," என்றாள் தங்கபாய். "நான் நாளைக்கு எந்திரிக்கல. நீயும் இந்தக் கதையை இந்த வாசலோட விட்டுரு. ஏசம்மாள் பேரே இனிமே வரக் கூடாது. கலியாண அட்டையில, கல்லறையில, பேச்சுல, எதுலயும். சம்மதமா?"

ஹெப்சிபா ரெனிட்டாவைப் பார்த்தாள். இது துப்பறிகிறவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல.

ரெனிட்டா மாடிப்படியைப் பார்த்தாள். ரிச்சர்ட் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்தாள். பிறகு தங்கபாயிடம் திரும்பினாள்.

"உங்க ஆச்சி கதையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது உங்களோடது. ஆனா கல்யாண அட்டையில, சாமுவேல் நல்லதம்பி மகள் ஏசம்மாள் கொள்ளுப்பேத்தின்னு போடுவேன். அவங்க இந்த வீட்டுப் பொண்ணு."

"அப்ப நான் எந்திரிப்பேன்."

கதவைச் சாத்தினாள். இந்த முறை முழுதாக.

"அக்கா, முறை சரியின்னு ஆன பொறவு அவிய என்ன தடை சொல்ல முடியும்?" வேனில் ஆஸ்டின் கேட்டான்.

"சபைக்கு முன்னால ஒரு தடவை வைப்புன்னு சொன்னாப் போதும்லே. பொறவு நாம ஏட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையணும்."

ஆஸ்டின் வேனைக் கிளப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. தங்கபாய் வழக்கம்போலப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசை. ரெனிட்டா நான்கு வரிசை பின்னால், ஹெப்சிபாவின் அருகில். ஆண்கள் பக்கத்தில் நடுவில் ரிச்சர்ட். அவன் அருகில் ஆஸ்டின், முதன்முறையாக இஸ்திரி போட்ட சட்டையில்.

போதகர் ஓலை ஏட்டைத் திறந்தார். இரண்டு பெயர்களையும் வாசித்தார். மூன்றாம் முறை என்றார். யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லும்படி கேட்டார்.

தங்கபாய் எழுந்தாள்.

கோயில் முழுவதும் திரும்பியது. ரெனிட்டா ஹெப்சிபாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். தங்கபாய் வாயைத் திறந்தாள். ரெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏசம்மாளைப் போல ரெனிட்டாவும் எழத் தயாராக இருந்ததைத் தங்கபாய் பார்த்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் சொருகினாள். இருக்கைகளுக்கு நடுவே நடந்து வாசலுக்குப் போனாள். அங்கே நின்று ஆண்கள் பக்கம் பார்த்தாள்.

"ரிச்சர்டு, வாலே."

ரிச்சர்ட் எழுந்தான்.

"கார் வெளிய நிக்கு அத்தை," என்றான் ரிச்சர்ட். அந்த மூன்று நாளில் ஹெப்சிபா கேட்ட அவனுடைய முதல் பேச்சு. "டிரைவர் இருக்கான். நீங்க போங்க. நான் கலியாண அட்டை அடிக்கக் குடுத்துட்டு வாரேன்."

பிறகு உட்கார்ந்தான்.

போதகர் வாசல் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அவர் பேனாவைத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் 'தடை இல்லை' என்று எழுதினார்.